பாதியில் போனவரைத் துரத்துமுன் படிவத்தைப் பாருங்கள்

கொழும்பில் இணையச் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கும் அவற்றின் பதிவுப் படிவங்களைக் கட்டும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்கள் சேவையில் கணக்குத் திறக்க வந்து பாதியில் விட்டுப்போகிறவர்களைப் பற்றி எழுதுகிறோம். படிவங்களைக் கட்டுவதும், கட்டியவை ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதும் எங்கள் தொழில். போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர நீங்கள் குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும், கடைசியில் ஆள் வைத்து அழைப்பு எடுப்பதற்கும் செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கைப் படிவத்தில் போட்டால் துரத்த வேண்டிய ஆட்களே குறைந்துவிடுவார்கள். மனம் மாறிப் போனவர் சிலர்தான். மற்றவர்களைப் படிவமே வெளியே தள்ளியிருக்கிறது.

போனவர்கள் எல்லோரும் பதிய வந்தவர்களும் அல்லர். கொட்டாஞ்சேனைக்குச் சாமான் கொண்டுவந்து தருவீர்களா, எவ்வளவு கட்டணம், இரவு எத்தனை மணிவரை என்று அறியவே பலர் உள்ளே வருகிறார்கள். முகப்பில் அந்த விடை இல்லாததால் கைபேசி இலக்கத்தைக் கொடுத்து, பெயரைக் கொடுத்து, முகவரிப் பக்கம் வரை வருகிறார்கள். ‘உங்கள் பகுதியில் சேவை இல்லை’ என்று கண்டதும் போய்விடுகிறார்கள். கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையிலோ அவர் ‘கைவிட்டவர்’. அவருக்கு நினைவூட்டல் அனுப்புவது, புறக்கோட்டைத் துணிக்கடையில் விலை கேட்டுவிட்டு இறங்கியவரின் பின்னால் பஸ் நிலையம் வரை ஓடுவது போன்றது. சேவைப் பகுதி, கட்டணம், நேரம் மூன்றையும் பதிவுக்கு முன்னால் வையுங்கள். கொழும்பு 1 முதல் 15 வரை ஒரு தெரிவுப் பட்டியல், கூடவே தெஹிவளை, கல்கிசை, வத்தளை என்று அயல் ஊர்கள். ஒரு நாள் வேலைகூட இல்லை.

இனி, உண்மையாகவே பதிய வந்தவர்.

அதிகம் பேர் விழும் இடம் ஓடிபி பக்கம், அதாவது கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை இடும் பக்கம். காரணங்களும் அங்கேதான் அதிகம். தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தியிலிருந்து தொடங்கலாம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து உள்ளே வந்தாலும் செய்தி முழுவதும் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுனிகோட் முறைக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கும். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து துண்டுக்கு 67 ஆகும், கட்டணமும் துண்டு வாரியாகவே ஏறும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் ‘கு’ கணக்கில் இரண்டு இடம், ‘ம்’ இரண்டு இடம். ‘எங்கள் சேவையைத் தெரிவுசெய்தமைக்கு நன்றி’ என்று தொடங்கி எழுதினால் இரண்டு துண்டுக்குக் குறையாது. ஒரு துண்டு பிந்தினாலும் முழுச் செய்தியும் திரையில் வராது. குறியீடு எந்தத் துண்டில் இருக்கிறது என்று போனுக்குத் தெரியாதே. எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘உங்கள் குறியீடு 482913. 10 நிமிடம் செல்லும். யாரிடமும் சொல்லாதீர்கள்.’ இதை எண்ணிப் பாருங்கள், 69 இடம். அனுப்புநர் பெயராகச் சேவையின் பெயரே போவதால் உள்ளே அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

அடுத்தது ‘மீண்டும் அனுப்பு’ பொத்தான். 30 வினாடியில் அதைக் காட்டுகிறீர்கள். செய்தி 50 வினாடியில் வருகிறது. பாவனையாளர் பொறுக்காமல் அழுத்தியதும் புதிய குறியீடு பிறக்கிறது, பழையது செத்துவிடுகிறது. அப்போதுதான் முதல் செய்தி வந்து சேர்கிறது. அவர் அதைப் பார்த்து இடுகிறார், ‘தவறான குறியீடு’ என்கிறது திரை. மறுபடி அழுத்துகிறார். மூன்று முறை ஆனதும் உங்கள் பாதுகாப்பு விதி அவரை 24 மணிநேரம் பூட்டுகிறது. செய்த பிழை என்னவென்று அவருக்கும் தெரியாது, உங்கள் உதவி மேசைக்கும் தெரியாது. திருத்தம் எளிது: குறியீடு செல்லும் காலத்துக்குள் மீண்டும் கேட்டால் அதே குறியீட்டையே அனுப்புங்கள். செல்லும் காலம் 10 நிமிடம் இருக்கட்டும், பிழையாக இடும் வாய்ப்பு 5 போதும். ஆறு இலக்கக் குறியீட்டை ஐந்து தடவையில் ஊகிக்கும் வாய்ப்பு 2 இலட்சத்தில் ஒன்று. பாதுகாப்புக்கு அது போதும். மீள அனுப்புவதற்கும் ஓர் இலக்கத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று எல்லை வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் விளையாட்டாக உங்கள் குறுஞ்செய்திக் கட்டணத்தை ஏற்றிவிடுவார்.

மூன்றாவது, நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்ட் போன்கள். செய்தியைப் பார்க்கப் பாவனையாளர் உலாவியை விட்டு வெளியே போகிறார். திரும்பி வருவதற்குள் போன் அந்தப் பக்கத்தை நினைவகத்திலிருந்து தூக்கிவிடுகிறது. பக்கம் முதலிலிருந்து திறக்கிறது, நிரப்பியது எதுவும் இல்லை. நீங்கள் சோதிக்கும் விலை உயர்ந்த போனில் இது நடக்காது என்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஓடிபி பெட்டிக்கு ‘ஒருமுறைக் குறியீடு’ என்ற தானியங்கி நிரப்பல் குறிப்பையும் இலக்க விசைப்பலகையையும் கொடுத்தால் பல போன்கள் குறியீட்டை விசைப்பலகைக்கு மேலேயே காட்டும், வெளியே போகும் தேவை குறையும். போனாலும், எந்தப் படியில் நின்றார் என்பதைச் சேவையகம் நினைவில் வைத்திருந்தால் அதே படியில் மீளத் திறக்கலாம். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டி வைக்கும் அழகு வேண்டாம், ஒட்டுவதும் அழிப்பதும் அதில் சிக்கும்.

இலக்கத்தைக் கேட்கும் விதமும் ஒரு வலி. சிலர் 07 இல் தொடங்கி 10 இலக்கம் இடுவார்கள், சிலர் முன்னால் 94 போடுவார்கள், சிலர் 0094. நடுவில் இடைவெளி விடுவார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு உள்ளே ஒரே வடிவமாக்குவது உங்கள் வேலை. அதோடு, வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்காக இலண்டனிலும் டொராண்டோவிலும் இருந்து பிள்ளைகள்தான் பல சேவைகளில் பதிகிறார்கள், காசும் அவர்களுடையதுதான். 44 என்றோ 1 என்றோ தொடங்கும் இலக்கத்தை ‘செல்லாத இலக்கம்’ என்று தள்ளும் படிவம், செலவழிக்க ஆயத்தமாக வந்தவரைத் தள்ளுகிறது. தொடர்பு இலக்கம் ஒன்று, சாமான் பெறுபவரின் இலக்கம் இன்னொன்று என்று பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பெயர்ப் பெட்டிக்கு வருவோம். முதற்பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம், இரண்டிலும் குறைந்தது மூன்று எழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதும் தமிழருக்கு இதில் எதை எங்கே போடுவது? ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக இடுவார், அவர் மனைவி கணவன் பெயரை இடுவார், பிறகு அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது பொருந்தாது. ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி போதும். குறைந்த நீளம் ஒரு எழுத்து, கூடிய நீளம் 150 வரை தாராளமாக விடுங்கள். ‘கெதர’ என்ற வீட்டுப் பெயரோடு எழுதும் நீண்ட சிங்களப் பெயர்கள் 50 இல் வெட்டுப்படும்.

பெயரைத் தமிழில் இட்டால் இன்னொரு பொறி. ‘எழுத்துகள் மட்டும்’ என்று சரிபார்ப்பு விதி எழுதிவிட்டு, யுனிகோட் என்பதால் எல்லா மொழியும் செல்லும் என்று நம்புகிறார்கள். யுனிகோட் வகைப்படுத்தலில் க, ண, ன போன்றவைதான் ‘எழுத்து’. புள்ளியும், கால், கொம்பு, விசிறி போன்றவையும் ‘குறி’ என்ற வேறு வகை. ஆகவே ‘கண்ணன்’ என்ற பெயர் அந்த விதியில் தோற்கும், இரண்டு புள்ளிக்காக. விதியில் எழுத்தோடு குறியையும் சேர்க்க வேண்டும், இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் விட வேண்டும். சேமிக்குமுன் ஒரே யுனிகோட் வடிவத்துக்கு மாற்றுவதும் கட்டாயம். ‘கொ’வை ஒரு விசைப்பலகை இரண்டு துண்டாகவும் இன்னொன்று மூன்று துண்டாகவும் அனுப்பக்கூடும், பார்வைக்கு ஒன்று, தேடும்போது வெவ்வேறு.

தேசிய அடையாள அட்டை இலக்கம் தனிக் கதை. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்தது 12 இலக்கம். பழையதில் எழுத்து ‘வி’ மட்டுமல்ல, ‘எக்ஸ்’ உள்ளவர்களும் இருக்கிறார்கள். சின்ன எழுத்தில் இடுகிறவர்களும் உண்டு. இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியும் இருக்கிறது. இதைக் கொண்டு பிறந்த திகதியைச் சரிபார்க்கும் படிவங்களில் ஒரு பிழை அடிக்கடி இருக்கிறது. அந்த நாட்கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துப் போடப்பட்டது. 1990 மார்ச் 1 இல் பிறந்தவருக்கு நாள் 061. நிரல்மொழியின் வழக்கமான நாட்காட்டிக்கு 1990 இன் 61 ஆவது நாள் மார்ச் 2. எனவே சரியான திகதியை இட்டவரிடம் ‘திகதி பொருந்தவில்லை’ என்கிறது படிவம். நெட்டாண்டு அல்லாத ஆண்டொன்றில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் இதே கதி. டிசம்பர் 31 இல் பிறந்தவருக்கு 366, அவருக்குப் படிவம் சில வேளை முற்றாகவே உடைந்துவிடும். பொறுமைசாலி ஒருவர் தன் பிறந்த திகதியை ஒருநாள் தள்ளி இட்டு உள்ளே வந்துவிடுவார். பொய்த் தரவோடு ஒரு கணக்குத் திறந்தாயிற்று. மற்றவர்கள் போய்விடுவார்கள்.

இலக்கத்திலிருந்தே திகதியும் பாலும் தெரியும்போது அவற்றை மறுபடி கேட்பது ஏன் என்பது வேறு கேள்வி. பழைய இலக்கத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள்: முன்னால் 19, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்து நீங்கும். இதைச் செய்யாவிட்டால் ஒரே ஆள் இரண்டு அட்டையோடு இரண்டு பேராக உங்கள் பட்டியலில் இருப்பார்.

உண்மையில் அடையாள அட்டை இலக்கமே தேவையா? வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் வாடிக்கையாளரை அடையாளம் காணும்படி சட்டம் சொல்கிறது. மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் சேவைக்கு யாரும் சொல்லவில்லை. ‘பிறகு உதவும்’ என்று கேட்கப்படும் ஒவ்வொரு பெட்டியும் ஆட்களைக் கழிக்கும் பெட்டி. முகவரியை முதல் கட்டளை இடும்போது கேட்கலாம், காசு அட்டையைச் செலுத்தும்போது கேட்கலாம்.

முகவரியில் இரண்டு சிறு குறிப்பு. 45/1 என்று சாய்கோடுள்ள வீட்டிலக்கம் கொழும்பில் சாதாரணம், சாய்கோட்டைத் ‘தடைசெய்த குறி’ என்று சொல்லாதீர்கள். கொழும்பு 6 இன் அஞ்சல் குறியீடு 00600. அதை எண்ணாகச் சேமித்தால் 600 ஆகிவிடும், பிறகு உங்கள் சரிபார்ப்பே அதை ஏற்காது.

அடையாள அட்டைப் படம் கேட்பவர்கள் கவனிக்க: போன் கெமரா எடுக்கும் படம் பல மெகாபைட். ‘2 மெகாபைட்டுக்கு மேல் கூடாது’ என்று எழுதிவைத்தால் அதை எப்படிக் குறைப்பது என்று யாருக்குத் தெரியும்? உலாவிக்குள்ளேயே நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கி அனுப்புங்கள், எழுத்துத் தெளிவாகவே இருக்கும். டேட்டாவும் மிச்சம். டேட்டா என்றதும் இன்னொன்று: சமூக ஊடகப் பொதி மட்டும் போட்டிருப்பவர் முகநூலில் உங்கள் விளம்பரத்தை அழுத்தினால் உங்கள் தளம் அந்தப் பொதிக்குள் வராது. மீதிக் காசு தீர்ந்தால் பாதியில் நிற்கும். ரீலோட் போட்டுவிட்டு அவர் திரும்பி வரும்போது முதலிலிருந்து கேட்பீர்களா, விட்ட இடத்திலிருந்தா?

இந்தத் திரும்பி வருதலில்தான் கூடுதலான கொடுமை நடக்கிறது. முதல் படியிலேயே தரவுத்தளத்தில் ஒரு கணக்கை எழுதிவிடுகிறீர்கள். ஓடிபி வரவில்லை, போய்விட்டார். மறுநாள் அதே இலக்கத்தோடு வந்தால் ‘இந்த இலக்கம் ஏற்கனவே பதியப்பட்டுள்ளது’. உள்நுழையப் பார்த்தால் ‘கணக்கு உறுதிசெய்யப்படவில்லை’. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினாலும் அதே பதில். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. உறுதிசெய்யாத பதிவைக் கணக்காக எண்ணக் கூடாது. ஓர் இலக்கம் ஒருவருக்கே என்ற விதி உறுதிசெய்தவற்றுக்கு மட்டும் பொருந்தட்டும். அதே இலக்கம் மீண்டும் வந்தால் பழைய அரைகுறைப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கடவுச்சொல்லையும் சேர்த்தே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் இலக்கத்தில் வேறொருவன் முன்கூட்டியே ஒரு கடவுச்சொல்லோடு பதிவைத் தொடங்கி வைத்துவிட்டு, நீங்கள் வந்து உறுதிசெய்யும் வரை காத்திருக்கலாம்.

மின்னஞ்சல் இணைப்பால் உறுதிசெய்யும் சேவைகளுக்கு: முகநூலுக்குள் திறக்கும் உலாவியில் படிவத்தை நிரப்பியவர், மின்னஞ்சலில் இணைப்பை அழுத்தும்போது அது குரோமில் திறக்கும். அங்கே அவருடைய அமர்வு, அதாவது அவர் யார், எதுவரை நிரப்பினார் என்ற நினைவு, இல்லை. ஒருமுறை மட்டும் செல்லும் இணைப்பென்றால், முன்னோட்டம் காட்டவும் வைரஸ் சோதிக்கவும் இயந்திரங்கள் அதை முதலில் திறந்து தீர்த்துவிடும், ஆள் அழுத்தும்போது ‘காலாவதி’. திறந்தவுடன் செல்லாமல் போகக் கூடாது. திறந்த பக்கத்தில் ‘தொடர்க’ பொத்தானை அழுத்திய பிறகே செல்லாமல் போக வேண்டும்.

பாதி நிரப்பியதை எங்கே வைப்பது? ஓடிபி உறுதியாகும் வரை அந்த உலாவியின் அமர்வுக்குள் மட்டும், அதன்பின் சேவையகத்தில். கடவுச்சொல், காசு அட்டை இலக்கம், அடையாள அட்டைப் படம் மூன்றும் உலாவியில் ஒருபோதும் தங்கக் கூடாது. கொமியூனிகேஷன் கடையில் இருக்கும் பொதுக் கணினியில், கடைப் பிள்ளையின் உதவியோடு படிவம் நிரப்புகிறவர்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்து வந்து அமர்பவருக்கு முன்னவரின் அடையாள அட்டை இலக்கம் தானாகத் தோன்றினால் அது உங்கள் பிழை.

எங்கே விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் இட்ட விடயம் தேவையில்லை. படி திறந்தது, பெட்டியைத் தொட்டது, எந்தப் பிழைச்செய்தி காட்டப்பட்டது, படி முடிந்தது, இந்த நான்கும் போதும். அவற்றோடு மொழி, உலாவி, வலையமைப்பு. திரையையே பதிவுசெய்யும் கருவிகளை வைத்திருப்பவர்கள் பெட்டிகளை மறைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். ஓடிபிக்கு மட்டும் ஒரு கணக்குக் கூடுதல்: அனுப்பியது, வலையமைப்பு ‘சேர்ந்தது’ என்று சொன்னது, சரியாக இட்டது, மூன்றையும் வலையமைப்பு வாரியாகப் பிரியுங்கள். ஒன்றில் மட்டும் இடைவெளி பெரிதென்றால் சிக்கல் உங்கள் குறுஞ்செய்தி வழங்குநரிடம். மொழி வாரியாகப் பிரித்தால் வேறு உண்மை தெரியவரும். தமிழில் தொடங்கியவருக்கு ஓடிபி பக்கத்தோடு ஆங்கிலம் திரும்பிவிடும் படிவங்கள் நிறைய, ஏனென்றால் பிழைச்செய்திகள் சேவையகத்திலிருந்து வருகின்றன, அவற்றை யாரும் தமிழாக்கவில்லை. ‘தவறான உள்ளீடு’ என்று ஆக்கினாலும் பயனில்லை. ‘அடையாள அட்டை இலக்கத்தில் 11 இலக்கமே உள்ளது, 12 இருக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நினைவூட்டலாம், இலக்கத்தை உறுதிசெய்து, நினைவூட்டச் சம்மதித்தவர்களுக்கு மட்டும். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துமுன்பே பெட்டியில் தட்டச்சிட்ட இலக்கத்தை எடுத்துக்கொண்டு செய்தி அனுப்புவது களவு, அதற்கு வேறு பெயர் இல்லை. முதல் செய்தி மறுநாள் காலை 9 மணிக்குப் பின், இரண்டாவது மூன்று நாள் கழித்து, மூன்றாவது கிடையாது. ‘இன்னும் முகவரி மட்டும் பாக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்’ என்ற அளவில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல இலவச வழியும் அதிலேயே இருக்கட்டும். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று இல்லாத கணக்கைக் காட்டி வெருட்ட வேண்டாம். அழைப்பு எடுத்து ‘உங்களுக்கு வந்த குறியீட்டைச் சொல்லுங்கள், நாங்களே முடித்துவிடுகிறோம்’ என்று உதவும் நிலையங்களை உடனே நிறுத்துங்கள். மோசடிக்காரன் சொல்லும் வசனமும் அதுவேதான்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டும் எடுக்கவும், நோக்கம் முடிந்ததும் வைத்திருக்காமல் விடவும், சம்மதம் பெற்றே விளம்பரச் செய்தி அனுப்பவும் சொல்கிறது. நடைமுறைத் திகதி தள்ளிப்போனதைச் சாக்காக வைத்து அரைகுறைப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்திருக்கிறீர்கள். உறுதிசெய்யாத பதிவு 72 மணிநேரத்தில் போகட்டும், உறுதிசெய்து பாதியில் நின்றது 14 நாளில் போகட்டும். அடையாள அட்டைப் படம் முதலில் அழிய வேண்டும், படங்கள் தனிக் களஞ்சியத்தில் கிடப்பதால் தரவுத்தள வரியை அழித்தாலும் அவை அப்படியே இருக்கும். இந்தக் காலங்களைப் படிவத்தின் அடியில் ஒரு வரியில் எழுதியும் விடுங்கள்.

அடுத்த நினைவூட்டல் திட்டத்துக்குக் காசு ஒதுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 3 கிகாபைட் நினைவகமுள்ள ஒரு போன், வெவ்வேறு வலையமைப்பின் முற்கொடுப்பனவுச் சிம்கள், தமிழ் மொழித் தெரிவு, ஒற்றைப் பெயர், எக்ஸ் எழுத்துள்ள பழைய அட்டை, மார்ச் 1 பிறந்தநாள், சாய்கோடுள்ள முகவரி. ஓடிபி பக்கத்தில் போனை நிறுத்திவிட்டு, அரை மணி கழித்து மீண்டும் திறந்து பாருங்கள். உங்கள் குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
படிவம் கட்டும் தொழிலில் உள்ள சிலர்
கொழும்பு